கடைக்கு உழைத்த கார்: வீட்டிலேயே பேணும் வழிகள்

காஞ்சியில் ஐம்பது வயதைக் கடந்த பட்டு வியாபாரி எவரிடமாவது அவருடைய கடையின் கதையைக் கேட்டுப் பாருங்கள். பாட்டனார் போட்ட முதல் தறி, காந்தி ரோட்டில் வாடகைக்குப் பிடித்த சிறிய இடம், முதல் முகூர்த்த வியாபாரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். நடுவில் ஒரு காரும் வந்து நிற்கும். அநேகமாக அது அம்பாசிடராகவோ பியட்டாகவோ இருக்கும். சேலைக் கட்டுகளோடு சென்னைக்குப் போய் இரவோடு இரவாகத் திரும்பிய வண்டி அது. வீட்டுப் பெண்ணை மணமகளாக அழைத்துச் சென்றதும் அதே வண்டிதான்.

அந்தக் கார்களில் பல இன்று கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன. விற்க மனமில்லை, ஓட்டத் துணிவில்லை. இப்படி இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும் வணிக அன்பர்களுக்காகவே இக்கட்டுரை. எங்கள் வீட்டிலும் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. அதனிடம் நாங்கள் பாடம் கற்றுக்கொண்ட விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

செய்தவர்கள் போய்விட்டார்கள்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது அம்பாசிடர். 1950-களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. 2017-ல் அந்தப் பெயரையே 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனியான பேஜோ வாங்கிக்கொண்டது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த பியட் 1100, பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. பம்பாய்த் தெருக்களில் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபரில் விடைபெற்றன. நமக்குப் பக்கத்தில் வண்டலூரிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் இன்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

செய்தவர்கள் கடையை மூடிவிட்டால் சரக்குக்குப் பொறுப்பு வாங்கியவனுடையது. இதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பழைய வண்டிகளில் ஒரு வசதி உண்டு. பானெட்டைத் தூக்கினால் எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு செட் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு கிரீஸ் கன், பொறுமை ஆகியவை இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

வெள்ளை கேட் அருகே ஒரு மாலை

2008-ஆம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலம். சென்னையில் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலைகளைக் காட்டிவிட்டு நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் எங்களுக்கு நாற்பது ஆண்டுகளாக நெய்து கொடுத்து வந்த பெரியவர் ஒருவர், மடியில் சேலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்பக்கம் திரும்ப வேகத்தைக் குறைக்கலாம் என்று பிரேக்கை மிதித்தால், பெடல் தரை வரை போய்விட்டது. மறுபடி மிதித்தோம்; ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, சாலையோரம் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினோம். எதிரில் ஒரு லாரி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இறங்கி வந்த பெரியவர் திட்டவில்லை. "தம்பி, தறியில ஒரு இழை அறுந்தா அப்பவே முடிச்சுப் போடுவோம். அடுத்த முழத்துல பாத்துக்கலாம்னு யாராச்சும் விடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பின் சக்கரத்து வீல் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் வாஷர் உப்பிக் கிழிந்து, பிரேக் ஆயில் முழுவதும் ஒழுகியிருந்தது. நூறு ரூபாய் கூடப் பெறாத ரப்பர்! பல பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்புதான். ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். அந்த ஆயில் டப்பாவை நாங்கள் திறந்து பார்த்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. குற்றம் வண்டியுடையதல்ல, எங்களுடையது. மெக்கானிக் பார்த்திருப்பார் என்று நாங்கள் இருந்தோம். சொன்னால் பார்க்கலாம் என்று அவர் இருந்தார்.

அன்று முதல் எங்கள் கடையில் காருக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய சாமான், கொடுத்த பணம் ஆகிய ஐந்தும் அதில் ஏறும். பேரேடு இல்லாத கடை எப்படி நிலைக்காதோ, அப்படியே நோட்டு இல்லாத பழைய காரும் நிலைக்காது.

வாரம் ஒருமுறை: கால் மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இவற்றைப் பாருங்கள்.

எஞ்சின் ஆயில்: டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுக்க வேண்டும். அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். ஆயில் பால் கலந்த காபி போல நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்; அநேகமாக ஹெட் கேஸ்கட் போயிருக்கும். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

ரேடியேட்டர்: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்துபோனவர்கள் உண்டு. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படியவிடுவதுதான் பல வண்டிகள் கொதிப்பதற்குக் காரணம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவதே முறை. மூடியில் உள்ள ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்திருந்தால் மூடியையே மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் மூடிதானே என்று எண்ண வேண்டாம். சென்னை சுந்தரம் பாஸ்னர்ஸ், 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே இந்த மூடிகளைச் செய்து அனுப்பிப் பெயர் வாங்கிய கம்பெனி.

பிரேக் ஆயில்: அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. எங்கே போயிற்று என்று தேடுங்கள். நான்கு சக்கரத்தின் உட்புறத்திலும் ஈரம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

டயர்: காற்றுடன் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும், ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நின்றே பழகிய காரின் டயர் ஓடித் தேய்வதில்லை. வெயிலிலும் வயதிலும்தான் கெடுகிறது.

மாதம் ஒருமுறை: ஒரு மணி நேரம்

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது பாடியோடு சேரும் எர்த் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த் ஆக இருக்கும். புது பேட்டரி மாட்டுமுன் இதைப் பார்க்கத் தவறினால் செலவு பெரிதாகும். பேட்டரி அருகே பீடி, சிகரெட் ஆகாது. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் வாயு வெடிக்கும் தன்மையுடையது.

ஃபேன் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் தொய்வு. வண்டி கொதிக்கும், பேட்டரியும் ஏறாது. தண்ணீர் ஹோஸ்களைக் கையால் பிதுக்கிப் பாருங்கள். கல் போலிருந்தாலும், களி போலிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பிளக்குகளைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எஞ்சின் அதிகம் சூடாகிறது. எண்ணெய்ப் பசையாக இருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் என்பது இவ்வகை எஞ்சின்களுக்குப் பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு வரிசை தெரியாமல் விழிப்பவர்கள் அநேகர். அம்பாசிடரில் தீப்பொறி வரிசை 1, 3, 4, 2.

முன் சக்கரங்களின் இணைப்புகளில் உள்ள கிரீஸ் நிப்பிள்களுக்கு, பழைய கிரீஸ் வெளியே வரும் வரை புது கிரீஸ் அடியுங்கள். அம்பாசிடரின் முன்பக்கம் ஆடுவதற்கும் ஸ்டீயரிங் கனப்பதற்கும் பெரும்பாலும் காரணம் இந்த வேலையை மறந்ததுதான்.

ஆறு மாதமும் ஆண்டும்

எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எடுத்த கழிவு ஆயிலைக் கால்வாயிலோ குளத்திலோ கொட்டுவது பாவம். கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏறினால் உள்ளே துருப் பிடிக்கும். சூட்டில் குமிழியிட்டுப் பிரேக் பிடிக்காமல் போகும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். பிரேக் பம்பிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றெடுக்க வேண்டும். உள்ளே ஒருவர் பெடலை மிதிக்க, கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட, இருவர் சேர்ந்து செய்கிற வேலை இது. முதல் இரண்டு முறை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

தேர் சொல்லும் பாடம்

வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாளின் தேர் வருவதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். அத்தனை பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். வீட்டில் காரை ஜாக்கி போட்டுத் தூக்குமுன் அந்தக் காட்சியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைப் போட வேண்டும். தூக்கிய பின் ஸ்டாண்டில் நிறுத்தாமல் வண்டிக்கடியில் போகவே கூடாது. செங்கல் அடுக்கி நிறுத்துவது மிகப் பெரிய தவறு. செங்கல் சொல்லாமல் உடையும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் அப்படியே. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், ஸ்டீயரிங் பெட்டி, கிளட்ச், ஹெட் வேலை, வெல்டிங் ஆகியவற்றை நாங்கள் வீட்டில் தொடுவதில்லை. அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும். கார்புரேட்டரும் பாயிண்ட்டும் அறிந்த மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். அத்தகைய ஒருவர் கிடைத்தால் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். நல்ல நெசவாளரை நாம் எப்படி விட்டுவிட மாட்டோமோ, அப்படி அவரையும் விட்டுவிடக் கூடாது.

பெட்ரோல் மாறிவிட்டது

இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோலே கிடைக்கிறது. நாட்டின் காற்றுக்கு அது நல்லதே. ஆனால் பழைய எஞ்சினின் வால்வு சீட்டுக்குக் காப்பாக இருந்த ஈயம் போனதால், சீட் சற்று விரைவாகத் தேயும். டேப்பெட் இடைவெளி குறையும். ஆகவே அதை முன்னைவிட அடிக்கடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கட்டுகளையும் உப்பவும் உதிரவும் செய்யும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டாங்கில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கித் துருவாகும். பெட்ரோல் குழாய்கள் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். வாரம் ஒருமுறை வாலாஜாபாத் வரையாவது போய்வாருங்கள். சூடேறாமல் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நன்மையைவிடத் தீமையே செய்யும். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே வேண்டாம்.

மழைக்காலத்துக்குமுன் கதவுகளின் அடிப்பகுதியிலுள்ள சிறு துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பை எடுத்துவிடுங்கள். டிக்கியின் ரப்பர் பீடிங் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். டிக்கியில் சொட்டும் ஒரு சொட்டு நீர் ஒரு முகூர்த்தச் சேலையைக் கெடுத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போல வண்டி தண்ணீரில் மூழ்க நேர்ந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆயில்கள் அனைத்தையும் இறக்கி மாற்றி, சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று உறுதியான பின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சரிகையைச் சுரண்டிப் பார்ப்பது போல

உதிரி பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும், பழையவற்றுக்குப் புதுப்பேட்டையும் நாம் அறிந்த இடங்கள். பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும் என்று வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் நாம். அதே கண்ணோடு பிரேக் ரப்பரையும் பேரிங்கையும் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய சாமான் வாங்குவதானால் கதவு, கண்ணாடி, கைப்பிடி வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சாமான்களைப் புதிதாகவே வாங்க வேண்டும். பில் கேட்டு வாங்குவது நமக்கும் பொருந்தும்.

காகிதங்களும் கணக்கும்

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. 15 ஆண்டுப் பெட்ரோல் காரை ஓட்டக் கூடாது என்ற விதி தில்லி வட்டாரத்துக்கு உரியது. நம் மாநிலத்தில் வண்டி தகுதியாக இருந்தால் ஓட்டலாம்.

வணிகர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று இன்சூரன்ஸ். சொந்தக் காருக்கான பாலிசியில், மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் தவிர, வியாபாரச் சரக்கு ஏற்றிச் செல்வதற்குப் பாதுகாப்பு இல்லை என்ற விதி இருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள். சேலைக் கட்டுகளை டிக்கியில் அடுக்கிச் சென்று விபத்து நேர்ந்தால், சரக்கும் போய் நஷ்ட ஈடும் தகராறாகும். எங்கள் கார் இப்போது சரக்கு ஏற்றுவதில்லை. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே போகிறது.

எத்தனை நாள் வைத்திருப்பது? இதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. இளையவர்கள் விற்றுவிடலாம் என்றார்கள். பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் நோட்டுதான் தீர்ப்புச் சொன்னது. மூன்று ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்தோம். ஆயிலும் ரப்பரும் டயருமாக இருக்கும் செலவு பராமரிப்பு; அது தாங்கும். ஒரே இடத்தை மறுபடி மறுபடி வெல்டிங் செய்வதும், அடித்தளம் துருவில் உதிர்வதும் பராமரிப்பு ஆகாது. அந்த நிலை வந்தால், அரசு அங்கீகாரம் பெற்ற கழிவு வாகன மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்று, பதிவையும் ரத்து செய்துவிடுவோம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதுவரை ஞாயிறுதோறும் கால் மணி நேரம்.

நமக்கு நெய்து கொடுத்த அந்தப் பெரியவர் இன்று இல்லை. ஆனால் பிரேக் ஆயில் டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்ட கேள்வி காதில் விழுகிறது. கொட்டகையில் கார் நிற்கும் அன்பர்களே, வருகிற ஞாயிறு தார்ப்பாயை விலக்கி, முதலில் அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள்.